எட்டுக்கும் மூன்றுக்கும் நடுவே

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் மாமாவும் நலம். அவர் முழங்கால் மட்டும் நலமில்லை, அது என்றைக்கு நலமாக இருந்தது? உன் வீட்டுக்காரிக்கு இருமல் நின்றதா?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். சலவைக்கூடம் ஆட்டம் கண்டிருக்கிறது. மதியமானால் மின்சாரம் போய்விடுகிறது, எப்போது வரும் என்று அதற்கே தெரியாது. பாய்லருக்குக் கவலையில்லை, மரக்கடைக் கழிவைப் போட்டால் எரியும். இஸ்திரி உருளையை நீராவி சூடாக்கும், கையால் சுற்றிச் சமாளிக்கலாம். ஆனால் துவைக்கும் டிரம் இரண்டும் மின்மோட்டாரில் ஓடுபவை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் சோப்புத் தண்ணீரோடு உள்ளே கிடந்து நாறுகின்றன. போன மாதம் விரிப்பு பத்தாமல் ஒரு வார்டில் நோயாளிகள் வெறும் மெத்தையில் படுத்தார்களாம். ஆஸ்பத்திரி மேட்ரன் அம்மா நேரில் வந்தார். "ஜூன் முதல் வாரம் வருவேன். மதியத்துல டிரம் ஓடலைன்னா நாங்க வேற இடம் பார்த்துக்கறோம்" என்றார். சத்தம் போட்டிருந்தால் பயந்திருக்க மாட்டேன், மெதுவாகச் சொன்னார். நம் பெரிய வாடிக்கையே அந்த ஆஸ்பத்திரிதான். அது போனால் கூடத்தை இழுத்து மூட வேண்டியதுதான். பதினான்கு பெண்கள் என் முகத்தையே பார்க்கிறார்கள். ஜெனரேட்டர் நமக்குக் கட்டுபடியாகாது.

நேற்று பின்கொட்டகையில் பழைய பெல்ட் தேடப் போனபோது கோணிக்கு அடியில் உன் பம்பரத்தைப் பார்த்தேன். ஒன்பது வருடம் முன்பு லாரியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனாயே, அந்த இரும்பு உருண்டைதான். நீராவியில் சுற்றும் எஞ்சின் என்று சொன்ன ஞாபகம். என்னிடம் நீராவி இருக்கிறது, சுற்ற வேண்டிய டிரம்மும் இருக்கிறது. எப்படி ஓட்டுவது என்று எழுது.

ரொம்ப நாளாகக் கேட்க நினைத்த இன்னொன்று: அதை ஏன் என்னிடம் விட்டுப் போனாய்?

உடனே பதில் போடு.
அக்கா


மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கே இருமல் நின்றுவிட்டது, மருந்துக் கசப்பைப் பற்றிய புலம்பல் நிற்கவில்லை. மாமாவை மாடிப்படி ஏற வேண்டாம் என்று சொல். லிஃப்ட் ரிப்பேர்க்காரன் சொல்கிறேன், படிக்கட்டு முழங்காலுக்கு ஆகாது.

வேலைக்குக் குறைவில்லை. நாள் முழுக்க மேலே போய்க் கீழே வருகிறேன்.

அந்த உருண்டையை இரும்புக் கடைக்குப் போட்டுவிடு. நல்ல கனம் இருக்கும். டிரம்முக்கு டீசல் எஞ்சின் ஏதாவது வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரி.

தம்பி


மார்ச் 25

என் அருமைத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. கடிதமா அது? லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கும் எச்சரிக்கை அட்டை அதைவிட நீளம். உன் நலம் பற்றி ஒரு வார்த்தை இல்லை, நான் கேட்டதற்கும் பதில் இல்லை.

டீசல் எஞ்சின் விசாரித்தாயிற்று. அதன் புகை ஒரு நாள் அடித்தால் போதும், வெள்ளை விரிப்பு எல்லாம் சாம்பல் நிறமாகிவிடும். ஆஸ்பத்திரிக்குத் துவைக்கிறேன், கரி மண்டிக்கு இல்லை.

உன் பம்பரத்தை நான் கடைக்குப் போடவில்லை. நம் பாய்லர்காரர் அதைத் துடைத்து, எண்ணெய் விட்டு, கையால் சுற்றிப் பார்த்தார். "உள்ளே நல்லாத்தாங்க இருக்கு, தகடுதான் தேஞ்சு போச்சு. செஞ்சவன் கை சாதாரணக் கை இல்லைங்க" என்றார். உன்னைப் பற்றி அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அன்று முழுக்க நெஞ்சு நிறைந்திருந்தது.

ஓடாது என்றால் ஏன் ஓடாது என்று சொல். புரியாது என்று நினைக்காதே. பாய்லரோடு குப்பை கொட்டுகிறவள் நான்.

விடாப்பிடியாக,
அக்கா


ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலமா? நான் நலம், கேட்டாயே என்று எழுதுகிறேன். பதில் தாமதமானதற்கு வேலை காரணம் இல்லை. நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

நீ கேட்டதால் சொல்கிறேன். சாதாரண நீராவி எஞ்சினில் பிஸ்டன் போகும், நிற்கும், திரும்பி வரும். அதைப் பார்க்கிற எவனுக்கும் முதலில் தோன்றுவது, "ஐயோ, போய்ப் போய் நின்றால் சக்தி எல்லாம் வீணாகுமே, நேராகவே சுற்றினால் என்ன?" என்பதுதான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இருநூறு வருடமாக நூற்றுக்கணக்கானவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. பல் சக்கரம் இரண்டைக் கூட்டுக்குள் அடைத்து நீராவியை விட்டான் ஒருவன். தட்டு ஒன்றைச் சாய்த்துத் தள்ளாட விட்டான் இன்னொருவன். நீராவி எஞ்சினால் பேர் வாங்கிய பெரியவரே ஒரு சுழல் சக்கரம் செய்து பார்த்துவிட்டு, பேசாமல் பிஸ்டனுக்குத் திரும்பினார். அப்போதாவது மற்றவர்களுக்கு உறைத்திருக்க வேண்டும்.

உண்மை என்னவென்றால், பிஸ்டன் நின்று திரும்புவதில் பெரிதாக எதுவும் வீணாவதே இல்லை. எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கனச்சக்கரம் அந்தச் சக்தியை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடும். இல்லாத நோய்க்கு இருநூறு வருடம் மருந்து அரைத்திருக்கிறோம்.

மருந்தோ, நோயைவிட மோசம். என் எஞ்சினில் ஒரு வட்டக் கூடு, அதற்குள் ஒரு பக்கமாகத் தள்ளி வைத்த உருளை. உருளையின் வெட்டுகளில் தகடுகள். நீராவி தகட்டைத் தள்ள, உருளை சுற்றும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிஸ்டனைச் சுற்றி வளையம் உண்டு. தேயத் தேய அது தானாக விரிந்து சுவரோடு இன்னும் நன்றாகப் பொருந்தும். என் தகட்டின் நுனி சுவரைத் தொடுவது ஒரு கோட்டில். அந்தக் கோடு தேய்ந்தால் நீராவிக்குக் கதவு திறந்த மாதிரி. மூலைகளை அடைக்கவே முடியாது. சூடேறினால் உருளை ஒரு மாதிரி விரியும், கூடு வேறு மாதிரி. ஒன்று கசியும், இல்லை இறுகி நிற்கும். எல்லோரும் இதில்தான் விழுந்தார்கள். பிறகு டர்பைன் வந்தது. உரசலே இல்லாமல் சுற்றுகிறது. எங்கள் கதை முடிந்தது.

நான் விழுந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். பழைய கம்பெனியில் எல்லோரையும் கூட்டி ஓட்டிக் காட்டினேன். கொஞ்ச நேரம் அழகாக ஓடியது. பிறகு புஸ் என்று கசிந்து கூடமே வெண்மேகமாகிவிட்டது. தலைமைப் பொறியாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "தம்பி, குளிக்கறதுக்கு நல்லா இருக்கு. நாளைக்கு எல்லாரும் துண்டு கொண்டு வர்றோம்" என்றார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. மறுநாள் என் மேசையில் ஏழெட்டுத் துண்டுகள் மடித்து வைத்திருந்தார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், கடைக்குப் போடு.

தம்பி


ஏப்ரல் 24

என் தம்பிக்கு,

படித்தேன். மாமாவும் படித்தார். "அந்த ஆள் வீட்டுத் துணி நம்மகிட்ட வந்தா கறையோட திருப்பி அனுப்பு" என்றார். முழங்கால் வலியை மறந்து எழுந்து நடந்தார் என்றால் பார்த்துக்கொள்.

துண்டைப் பற்றி ஒன்பது வருடம் என்னிடம் மூச்சு விடவில்லையே நீ. போகட்டும், அதைப் பேசி உன்னைப் புண்படுத்த மாட்டேன்.

எனக்கு விளங்கியது இவ்வளவு: பம்பரம் ஓடும், ஆனால் நீராவியைக் குடிக்கும். இரண்டு டிரம்மைச் சுற்றும் அளவுக்கு ஓடினால் எனக்குப் போதும். கூடுதலாக விறகு எரிந்தால் எரியட்டும். கூடம் மூடுவதைவிட அது மேல்.

தகடு செய்யும் விவரமும் குழாய் இணைக்கும் படமும் அனுப்பு. அனுப்பாவிட்டால் நாங்களே எங்களுக்குத் தெரிந்தபடி இணைப்போம். அதை நினைத்துப் பார்த்து முடிவு செய்.

அக்கா


மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுகிறேன். வணக்கம். என் உடம்பு தேவலை. இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாது, நீங்களும் காட்டிக்கொள்ளாதீர்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்று இவர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். மறுநாள் பரணிலிருந்து வரைபலகையை இறக்கினார். கல்யாணமான புதிதில் பார்த்தது அது. இப்போது பால்கனி எனக்கு இல்லை. தொட்டிச் செடிகளை எல்லாம் கூடத்துக்குள் அடுக்கிவிட்டு, அங்கே உட்கார்ந்து வெண்கலத் தகடுகளை அரத்தால் ராவிக்கொண்டிருக்கிறார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார், மறுபடியும் ராவுவார். பக்கத்து வீட்டம்மா "என்ன, பல் கூசுது" என்று சண்டைக்கு வந்தார். இவர் சிரித்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டார். அக்கா, அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

இது ஓட வேண்டும். ஓடாவிட்டால் என்ன ஆவார் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள் அன்பை நாடும்,
தங்கை


மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தனியாக ஒரு பார்சல் வருகிறது. உள்ளே ஆறு தகடு. இங்கே ஒரு கடையில் சும்மா கிடந்தன, அளவு ஒத்துவந்தது, வாங்கினேன்.

படத்தில் சிவப்பு மையில் எழுதியிருப்பதை மீறாதே. நீராவி உள்ளே வரும் குழாய் பாய்லரிலிருந்து நேராக. வெளியேறும் குழாய் கூரைக்கு மேலே, திறந்தபடி. அதை எதனோடும் இணைக்கக் கூடாது. முதலில் மெதுவாகச் சூடேற்றிப் பிறகுதான் முழு நீராவி.

அதிகம் எதிர்பார்க்காதே. ஓடாவிட்டால் எனக்கு எழுத வேண்டாம்.

தம்பி


மே 20

அன்புத் தம்பிக்கு,

ஓடுகிறது! ஓடுகிறது! நலம் விசாரிப்பது எல்லாம் கடைசியில்.

நேற்று மதியம் மின்சாரம் போனது. பெல்ட்டை மோட்டாரிலிருந்து பம்பரத்துக்கு மாற்றினோம். பாய்லர்காரர் வால்வைத் திறந்தார். முதலில் ஒரு முனகல், பிறகு பெருமூச்சு, பிறகு சுற்ற ஆரம்பித்தது பார். இரண்டு டிரம்மும் சேர்ந்து ஓடின. நம் இஸ்திரிப் பகுதித் தலைவியை "கண்டிஷன்" என்று கூப்பிடுவோம், எதற்கும் முகம் மலராதவள். அவள் கை தட்டினாள். மின்சாரம் வரும்வரை ஓடியது, வந்தபின்பும் நிறுத்த யாருக்கும் மனசில்லை. கூடத்தில் கொஞ்சம் ஆவி மண்டுகிறது. சலவைக்கூடத்தில் ஆவி இருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

சிவப்பு மையில் எழுதியதில் ஒன்றை மட்டும் மீறிவிட்டோம். வெளியேறும் குழாயைக் கூரைக்கு விடவில்லை. "காசு கொடுத்து விறகு வாங்கி, நீராவியாக்கி, ஆகாசத்துக்கு விடறதா? என் கை வராதுங்க" என்று பாய்லர்காரர் மறுத்துவிட்டார். கண்டிஷனும் அதே கட்சி. உனக்குத் தெரியும், பாய்லர் அழுத்தம் எட்டு. இஸ்திரி உருளையும் உலர் அறையும் தாங்குவது மூன்று. நடுவில் அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்று உண்டு. அந்த வால்வுக்குப் பக்கத்திலேயே பம்பரத்தை வைத்து, அதன் வெளிக்குழாயை இஸ்திரிக் குழாயோடு சேர்த்துவிட்டோம். எங்கள் வழக்கம் அது, நீராவியை வெளியே விட மாட்டோம். கோபித்துக்கொள்ளாதே.

தகடுகள் கச்சிதம். அந்தக் கடைக்காரர் கைதேர்ந்தவர். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்.

அக்கா


மே 26

அக்கா,

யாரைக் கேட்டு மாற்றினீர்கள்? வெளிக்குழாயை இஸ்திரியோடு சேர்த்தால் எதிரே மூன்று அழுத்தம் முட்டிக்கொண்டு நிற்கும். எஞ்சின் வலுவில் பாதி போய்விடும். அந்தக் குழாயில் பாதுகாப்பு வால்வு இருக்கிறதா இல்லையா? இல்லையென்றால் இந்த நிமிடமே நிறுத்து. மேட்ரன் அம்மா வரும் நாளில் நின்று தொலைத்தால் என்ன செய்வாய்? கழற்றிக் கூரைக்கு விடு.

தம்பி


மே 27

என் அருமை அக்கா,

நேற்றைய கடிதத்தைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு லிஃப்ட் வேலைக்குப் போனேன். ஒன்பதாவது மாடியில் நின்றுகொண்டிருக்கும்போது பளிச்சென்று உறைத்தது. இறங்கி வந்து, வேலையை அப்படியே விட்டுவிட்டு, ஒரு சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கழற்றாதே! எதையும் கழற்றாதே!

உன் வால்வு இத்தனை வருடமாக என்ன செய்துகொண்டிருந்தது? எட்டை மூன்றாக்கியது. நடுவில் இருந்த ஐந்து எங்கே போனது? எங்கேயும் போகவில்லை, யாருக்கும் உதவாமல் அடங்கிப் போனது. அந்த ஐந்தை இப்போது பம்பரம் எடுத்துக்கொண்டு டிரம்மைச் சுற்றுகிறது. எதிர் அழுத்தத்தால் வலு குறையும்தான். ஆனால் உன் இரண்டு டிரம்முக்கு அது போதும், மிச்சமும் இருக்கும்.

இன்னும் கேள். தகட்டு நுனியில் கசிகிறதே, இருநூறு வருடமாக எங்கள் எல்லோரையும் கவிழ்த்த அந்தக் கசிவு, அது எங்கே போகிறது? இஸ்திரிக்குத்தான் போகிறது! அதன் சூடு எதுவும் குறையாமல் விரிப்பைக் காய வைக்கிறது. தகடு தேயட்டும், மூலை கசியட்டும், உனக்கு ஒரு கைப்பிடி விறகு நஷ்டமில்லை. உனக்கு வேண்டியது சூடு, சுழற்சி போகிற போக்கில் கிடைக்கிறது. நாங்கள் எல்லோரும் கசிவை அடைப்பதற்கே ஆயுளைக் கொடுத்தோம். கசிந்தால் பரவாயில்லாத இடம் ஒன்று இருக்கும் என்று எனக்கு இத்தனை நாள் தோன்றவே இல்லை. ஆகாசத்துக்கு விட மாட்டேன் என்று உங்கள் பாய்லர்காரர் அடம் பிடித்தாரே, அவர் கையைப் பிடித்து நான் நன்றி சொன்னதாகச் சொல். அவருடைய அடமும் என்னுடைய பம்பரமும் ஒன்பது வருடம் முன்பே சந்தித்திருக்க வேண்டும்.

இரண்டு காரியம் மட்டும் தவறாமல் செய். மூன்று அழுத்தக் குழாயில் பாதுகாப்பு வால்வு கட்டாயம். பழைய குறைப்பு வால்வைக் கழற்றாமல் பக்கத்திலேயே வை. பம்பரம் அனுப்பும் நீராவி இஸ்திரிக்குப் போதாதபோது அது கைகொடுக்கும்.

அக்கா, நான் மறுபடியும் பொறியாளன் ஆகிவிட்டேன் போலிருக்கிறது. சிமெண்ட் மூட்டைக்காரர் எழுந்திருக்கச் சொல்கிறார்.

தம்பி


ஜூன் 6

என் ராஜாவுக்கு,

பாதுகாப்பு வால்வு முன்பிருந்தே இருக்கிறது. எங்களை என்னவென்று நினைத்தாய்? பழைய வால்வும் பத்திரம்.

மேட்ரன் அம்மா நேற்று வந்தார். வேண்டுமென்றே மதியத்துக்கு மேல்தான் வந்தார். வாசலில் நுழையும்போதே மின்விசிறி நின்றது, பல்பு அணைந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உள்ளே பெல்ட்டை மாற்றும் சத்தம் கேட்டது. பிறகு அந்த முனகல், அந்தப் பெருமூச்சு. டிரம் இரண்டும் சுற்றின.

"கரண்ட் வந்துடுச்சா?" என்றார்.

"இல்லம்மா."

அவரே போய்ச் சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டிப் பார்த்தார். பல்பு எரியவில்லை. "அப்போ இது எதுல ஓடுது?"

எனக்கு முன்னால் கண்டிஷன் முந்திக்கொண்டாள். "நீராவியிலம்மா. இஸ்திரிக்குப் போற வழியில கொஞ்சம் வேலை செஞ்சு கொடுத்துட்டுப் போகுது."

அவர் பம்பரத்துக்குக் கிட்டே போனார். மூக்குக் கண்ணாடி மங்கிப் போய்விட்டது. எனக்கு உன் துண்டுக் கதை ஞாபகம் வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கசியுதேம்மா?" என்றார்.

"கசியட்டும்மா, உள்ளே கசியறதெல்லாம் உங்க விரிப்பைத்தான் காய வைக்குது" என்றேன். என்ன தைரியம் வந்தது எனக்கு!

ஒரு நிமிடம் நின்று பார்த்தார். பிறகு சிரித்தார், தம்பி. அந்த அம்மா சிரித்தார். "குழந்தைகள் வார்டுத் துணியையும் திங்கட்கிழமையிலிருந்து அனுப்பறேன். யார் செஞ்சது இது?"

பதினான்கு பெண்களும் வேலையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்க, "என் தம்பி" என்றேன். கூடத்துச் சுவரெல்லாம் கேட்கும்படி சொன்னேன்.

இத்தோடு ஒரு துண்டு அனுப்பியிருக்கிறேன். பம்பரம் துவைத்து, பம்பரத்தின் நீராவியில் காய்ந்த முதல் துண்டு அது. அன்றைக்கு ஒருவர் துண்டு கொண்டு வருவதாகச் சொன்னாரே, வேண்டுமானால் அவருக்கு அனுப்பு.

நான் முதல் கடிதத்தில் கேட்டதற்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை.

ஆனந்தக் கண்ணீரோடு,
அக்கா


ஜூன் 12

அக்கா,

துண்டு வந்தது. யாருக்கும் அனுப்பவில்லை. தோளில் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். அவள் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறாள்.

ஏன் உன்னிடம் விட்டுப் போனேன் என்று கேட்டாய். என்னிடம் இருந்தால் நானே உடைத்துப் போட்டிருப்பேன். கடைக்குப் போடு என்று யார் சொன்னாலும் நீ கேட்க மாட்டாய், நானே சொன்னாலும் கேட்க மாட்டாய் என்று தெரியும்.

சனிக்கிழமை மதியம் இரண்டு பேரும் வருகிறோம். ஒன்றே ஒன்று வேண்டும். நான் வாசலில் வந்து நிற்கும்போது பம்பரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். எனக்காக நிறுத்தி வைத்திருந்து ஓட்டிக் காட்டாதீர்கள். அது நிற்பதை நான் ஒரு தடவை பார்த்தாயிற்று.

உன் தம்பி